மாரி விட்டதும் வேலி கழுவின கதை

கல்லடியிலிருந்து:

எங்கட முன்வேலி வேப்பம் பலகையில அடிச்சது. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி, நடுவுல கிடக்கிற கல்லடியில மரத்துக்கு எங்க நிம்மதி? ஐப்பசியில தொடங்கின மழை தையிலதான் விட்டது. பார்த்தா நிழல் விழுற பக்கம் பூரா பாசி, கை வைச்சா வழுக்குது.

மச்சான் பேச்சைக் கேட்டு, வாகனம் கழுவுற பிரஷர் மெசினால ஒரு பலகைக்கு அடிச்சன். பாசி போச்சு, மேல்நாரும் கிளம்பிட்டு. காய்ஞ்சதும் தடவினா பூனை நாக்கு மாதிரிச் சொரசொரப்பு. மிச்சம் 23 பலகையும் கையாலதான்.

தேங்காய்ப் பொச்சு மட்டையை ஊறப்போட்டு நுனியை இடிச்சு எடுத்தா, கடையில வாங்கிற பிரஷ் தோத்துடும். முதல்ல பலகையை நல்லா நனைக்கணும். காய்ஞ்ச மரத்தில சவுக்காரத் தண்ணி வடிஞ்சா கோடு கோடா நிக்கும். அரை வாளித் தண்ணிக்கு ஒரு பிடி சவுக்காரத்தூள். நார் போன போக்கிலயே தேய்க்கணும், குறுக்க இழுத்தா கீறல். நுரை காயமுதல் கழுவி விட்டுடணும்.

நாலாவது பலகையில நிக்கிறன், வேலிக்கு அங்கால இருந்து குரல்: "மனே, என்ட கொச்சிக்காய்க்குப் பச்சைத் தண்ணி தெளிக்கிறியோ?" எட்டிப் பார்த்தா, அக்கா பாய் விரிச்சுக் காயப்போட்டிருக்கா. இடுக்கால போன தண்ணி முழுக்க அதிலதான். ஓடிப்போய் நான்தான் அள்ளிக் கழுவிக் குடுத்தன். கை எரிவு ராவைக்கும் போகல்ல.

ஆணியைச் சுத்திக் கறுப்பு வட்டம் இருந்தது, துருவும் மரச்சத்தும் சேர்ந்த கறை. பாதித் தேசிக்காயால தேய்ச்சுப் பத்து நிமிசம் விட்டுக் கழுவினன். கொஞ்சம் வெளுத்தது, பழைய ஆணிகளுக்கு ஒன்டும் நடக்கல்ல.

அக்கரைப்பற்றிலிருந்து:

நான் போன வருசம் அவசரத்தில குளோரின் கரைச்சு ஊத்தினேன். பலகை திட்டுத் திட்டா வெளுத்து, வேலி ஓரத்துச் செவ்வரத்தையும் கருகிட்டு. வாப்பா ரெண்டு நாள் பேசல்ல. ஒன்டு சொல்றன், குளோரின் பட்ட பலகையில தேசிக்காய் தேய்ச்சிடாதீங்க, நச்சுப் புகை கிளம்பும். கழுவுற நேரமே வேலிக்கால் அடியையும் ஸ்குரூ டிரைவரால குத்திப் பாருங்க. எனக்கு மூனு கால் பிஸ்கட் மாதிரி உள்ள போச்சு, கறையான்.

கல்லடியிலிருந்து:

குத்திப் பார்த்தன், தப்பிட்டன். பெயின்ட் இன்னும் அடிக்கல்ல. ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டா மரம் உடனே குடிக்கணும், அதுவரைக்கும் வெயில் படட்டும். வேலிக்கு அங்கால் பக்கம் இன்னும் பச்சைதான். அதையும் தேய்ச்சுத் தாறன் என்டு கேட்டன். "கொச்சிக்காய் அள்ளினாப்பிறகு வா" என்டுட்டா.