ஆச்சி 80: பேனர் போட்டோ

ஸ்டுடியோ மாமா, 9:12
(படம்) பேனர் புரூஃப். எட்டுக்கு ஆறு. பாத்து ஓகே சொல்லுங்க, 2 மணிக்குள்ள பிரிண்டுக்குப் போகணும்.

புனலூர் பெரியம்மை, 9:15
அம்மை என்ன அழகு 😍 நல்லா வெளுத்துட்டாங்களே!

கவிதா சித்தி, 9:20
அம்மாகிட்ட காட்டுனேன். "இது யாருட்டி"ன்னு கேக்கா. விளையாட்டு இல்ல, நெசமாவே தெரியல.

செந்தில், 9:21
அம்மைத் தழும்பு ஒண்ணுகூட இல்லையே மாமா. நீங்களா அழிச்சீங்க?

ஸ்டுடியோ மாமா, 9:22
நான் கையே வைக்கல மருமவனே. ஹரிணி அனுப்புனத அப்படியே போட்டேன்.

ஹரிணி, 9:24
பியூட்டி மோட் ஆன்ல கிடந்திருக்கு 🙈 சாரி. என் போன்ல எப்பவும் ஆன்தான்.

கவிதா சித்தி, 9:24
எப்பவும்னா?

ஹரிணி, 9:26
ஆஃப் பண்ணா மூக்கு குடமிளகா மாதிரி விழுதும்மா.

ஸ்டுடியோ மாமா, 9:29
ஏட்டி, அது மூக்கு குத்தம் இல்ல. ஒரு அடி தூரத்துல வச்சு எடுத்தா, அஞ்சடியில எடுக்கதவிட மூக்கோட அடிப்பக்கம் ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாத் தெரியும்னு 2018லயே அமெரிக்க டாக்டருங்க கணக்குப் போட்டுட்டாங்க. ஸ்டுடியோல ஸ்டூலத் தள்ளிப் போடுதோம்லா, சும்மாவா?

ஸ்டுடியோ மாமா, 9:31
நாங்களும் டச்சப் பண்ணுனவங்கதான். கறுப்பு வெள்ளை காலத்துல நெகட்டிவ்ல பென்சில் வச்சு பரு, வடு எல்லாம் மூடுவோம். மூக்கு தாடையத் தொட மாட்டோம். அதுவும் கல்யாணத்துக்கு ஒரு தடவ. நீ தெனம் எத்தன தடவ பாக்க?

ஹரிணி, 9:36
எல்லாம் தெரியும் மாமா. தெரிஞ்சும் ஒண்ணும் ஆகல. முந்தி மூஞ்சிக்குக் குறுக்க கை போனா ஃபில்டர் கழண்டுரும், பொய்னு காட்டிக் குடுத்துரும். இப்ப கழலவே மாட்டேங்கு. நடிகையப் பாத்தா அவ வேற, நான் வேறன்னு விட்டுரலாம். இது நானேல்லா? அப்புறம் கண்ணாடி பாத்தா அதுல இருக்கதுதான் யாரோ மாதிரி இருக்கு.

செந்தில், 9:38
2023ல டிக்டாக்ல வந்த போல்ட் கிளாமர் ஃபில்டர் அந்த ரகம். முகமூடி மாதிரி மேல ஒட்டாது, மூஞ்சியவே புதுசா வரைஞ்சு குடுக்கும். இங்க டிக்டாக் 2020லயே போயாச்சு, சமாச்சாரம் மட்டும் எப்படியோ வந்துட்டு. இன்ஸ்டால வெளியாட்கள் செஞ்ச ஃபில்டரை 2025 ஜனவரியில தூக்கிட்டாங்கல்லா?

ஹரிணி, 9:39
அதுக்கு வேற ஆப் இருக்கு அண்ணே 😐

புனலூர் பெரியம்மை, 9:41
இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதே வேலைதான் கேட்டோ. உள்ள நிறம் போதாதா?

ஹரிணி, 9:42
பெரியம்மா, காலைல நீங்க முதல்ல சொன்னது என்ன?

புனலூர் பெரியம்மை, 9:47
🚫 இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

புனலூர் பெரியம்மை, 9:48
நாங்க ஆரியங்காவு தாண்டியாச்சு. நல்ல மழை.

கவிதா சித்தி, 9:55
அம்மா சொல்லுதா: தழும்போட போடுங்க, இல்லன்னா வாரவன் எவ வீட்டு விசேஷம்னு கேட்டுட்டுத் திரும்பிருவான்.

ஸ்டுடியோ மாமா, 9:56
அப்ப புதுசா எடுத்துருவோம். ஹரிணி, 11 மணிக்கு ஆச்சியக் கடைக்குக் கூட்டிட்டு வா.

ஹரிணி, 9:58
வாரேன். என்னைய எடுக்கக் கூடாது.

ஸ்டுடியோ மாமா, 9:58
சரிட்டி. குடை எடுத்துட்டு வா.