மேடையில் எட்டு நொடி: பட்டமளிப்பு விழா அனுபவங்கள்

பெயர் வாசிப்பவர்:

பதினோரு வருடமாகப் பட்டமளிப்பு விழாவில் பெயர் வாசிக்கிறேன். பாடம் நடத்துவதுதான் தொழில். குரல் கணீரென்று இருக்கிறது என்று ஒரு வருடம் பிடித்துப் போட்டார்கள், அப்புறம் விடவே இல்லை. ஓர் அமர்வில் தொள்ளாயிரம் பேர் என்றால், ஆளுக்கு எட்டு நொடி கொடுத்தாலே இரண்டு மணி நேரம் ஓடிவிடும். அதனால்தான் "ஒவ்வொரு பெயருக்கும் கை தட்டாதீர்கள், கடைசியில் சேர்த்துத் தட்டுங்கள்" என்று ஆரம்பத்திலேயே கேட்டுக்கொள்கிறோம். இதுவரை ஒரு கூட்டமும் அதைக் கேட்டதில்லை. நானும் மனதுக்குள் அதை எதிர்பார்த்ததில்லை.

ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. மேலே பெயர், கீழே அதை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று அவர்களே எழுதித் தரும் குறிப்பு. சிலர் ஒரு ழகரத்துக்கு மூன்று வரி விளக்கம் எழுதியிருப்பார்கள். சிலர், "எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் சார்" என்று எழுதியிருப்பார்கள். சின்ன வயதிலிருந்து எல்லோரும் தப்பாகவே கூப்பிட்டு, அலுத்துப்போனவர்கள். முந்தின வாரம் வீட்டில் நான் அதிகம் சொல்லிப் பார்ப்பது அவர்களுடைய பெயர்களைத்தான்.

ஆனாலும் ஒரு வருடம் சொதப்பினேன். அப்போதெல்லாம் அட்டைகளை வரிசைப்படி அடுக்கி என் முன்னால் வைத்துவிடுவார்கள். நடுவில் இரண்டு அட்டைகள் ஒட்டிக்கொண்டன. ஒரு பெண்ணின் பெயரை முழுங்கிவிட்டு அடுத்த பெயரை வாசித்தேன். அவளுக்குப் பின்னால் வந்த மூன்று பேரும் அடுத்தவர் பெயரில் மேடையைக் கடந்தார்கள். நான்காவதாக வந்த பையன் பாதி மேடையில் நின்று, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து அட்டையை அவரவர் கையிலேயே கொடுத்துவிடுகிறோம். படியேறும்போது என்னிடம் நீட்ட வேண்டும்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். மேடைக்கு மேலேயோ கீழேயோ, எதுவானாலும் சரி.

ஊக்குப் பை:

மாணவத் தொண்டராக நான்கு விழாக்களில் அங்கி மாட்டிவிடும் வேலை பார்த்தேன். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஹூட்டைச் சரியாகப் போட்டுக்கொண்ட ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. தோளிலிருந்து முதுகுப் பக்கம் தொங்கும் அந்த வண்ணத் துணிக்கு முன்னால் ஒரு சின்னக் கயிற்று வளையம் இருக்கும். அதைச் சட்டைப் பொத்தானில் மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் பின்பக்கத்துக் கனம் மொத்தமும் கழுத்தை இறுக்கும். பொத்தானே இல்லாத உடையில் வருகிறவர்களுக்காகத்தான் பை நிறைய ஊக்கு. தொப்பியின் கதை வேறு. அது தரைக்கு இணையாக, தட்டையாக உட்கார வேண்டும். முடி கலையக் கூடாது என்று பாதிப் பேர் பின்மண்டையில் ஒட்டவைத்துக்கொண்டு போவார்கள். படத்தில் பார்த்தால் தலைக்குப் பின்னால் பலகை முளைத்த மாதிரி இருக்கும்.

இந்த உடுப்பு ஏன் இப்படி என்று தேடிப் படித்தேன். ஐரோப்பாவில் பல்கலைக்கழகங்கள் தோன்றிய 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் படித்தவர்களில் பெரும்பாலோர் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். குளிர் இறங்கும் கட்டடங்களில் உட்கார நீள அங்கி, தலையை மூட முக்காடு. அந்த முக்காடுதான் காலப்போக்கில் முதுகுக்கு இறங்கி ஹூட் ஆகிவிட்டது. அவர்களுக்குக் குளிர், நமக்கு வேர்வை. அமெரிக்காவில் 1895-இல் இதற்கெல்லாம் ஒரு விதித்தொகுப்பே போட்டார்கள். அந்த மரபில் மருத்துவத்துக்குப் பச்சை, சட்டத்துக்கு ஊதா. அங்கிக் கையில் மூன்று வெல்வெட் பட்டை தெரிந்தால் அவர் முனைவர்.

தொப்பியை வீசுகிறவர்களுக்கு ஒரு சொல். 1912-இல் அமெரிக்கக் கடற்படைக் கழகத்தில் தேறியவர்கள் தொப்பியை மேலே எறிந்ததில் காரணம் இருந்தது. அதுவரை தேறிய பிறகும் இரண்டு வருடம் கப்பலில் பழைய தொப்பியோடு வேலை பார்க்க வேண்டும். அந்த வருடம் நேராக அதிகாரி ஆகிவிட்டார்கள், புதுத் தொப்பி கைக்கு வந்துவிட்டது, பழையது தேவையில்லை. நீங்கள் எறிவது வாடகைத் தொப்பி. சாயங்காலம் எண்ணி வாங்குவது நான். அதன் மூலை கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்றும் ஒருமுறை பார்த்துவிட்டேன், நல்லவேளை புருவத்தோடு போயிற்று.

பதினெட்டாம் வரிசை அப்பா:

என் மகளின் விழா. இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய் உட்கார்ந்தோம். கிடைத்தது பதினெட்டாம் வரிசை, அதுவும் தூணுக்குப் பின்னால். என் அம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன், எண்பத்திரண்டு வயது. ஊர்வலம் வந்தது, செங்கோல் ஏந்தியவர் முன்னால் நடந்தார், எல்லோரும் எழுந்து நின்றோம். "இவர்தான் பெரியவரா?" என்றார் அம்மா. இல்லை, வேந்தர் பின்னால் வருகிறார் என்றேன். "அப்ப இவர் கையில எதுக்குத் தடி?" எனக்குப் பதில் தெரியவில்லை.

உரைகள் முடிந்து பெயர்கள் ஆரம்பித்தன. மகளின் முறை வருவதற்கு நாற்பது பேர் முன்பாகவே போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுக்க ஆரம்பித்துவிட்டேன். கை வலித்தது. அவள் பெயர் கேட்டதும் முன்வரிசைக்காரர் எழுந்து நின்றார். என்னிடம் இருப்பது அவருடைய முதுகு, பதினோரு நொடி, பின்னணியில் என் கத்தல். அவளே பின்னால் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, இதில் நான் எங்கே?" என்று கேட்டாள். முதுகுக்கு இடது பக்கம் ஒரு நொடி தொப்பிக் குஞ்சம் மட்டும் ஆடும். அதுதான் அவள்.

அந்த முதுகுக்காரர் எழுந்தது வேறெதற்கும் இல்லை. என் மகளுக்கு அடுத்து அவருடைய மகன். அவர் படத்தில் நானும் எங்கேயாவது இருப்பேன்.

காலி உறை:

நான் மேடையேறினேன், கை குலுக்கினேன், நீலநிற உறையை வாங்கினேன், சிரித்தேன், இறங்கினேன். இருக்கையில் வந்து திறந்து பார்த்தால் உள்ளே ஒரு துண்டுத்தாள்: "தங்கள் பட்டச் சான்றிதழ் பின்னர் அனுப்பி வைக்கப்படும்." நான்கு வருடப் படிப்பு! பக்கத்தில் இருந்தவளின் உறையில் அந்தத் தாள்கூட இல்லை. எனக்காவது ஏதோ இருந்ததே என்று தேற்றிக்கொண்டேன். எதற்கு இந்த நாடகம் என்று இன்றுவரை புரியவில்லை.

முன்னாள் பதிவாளர் அலுவலகம்:

காலி உறைக்காரருக்கு விளக்கம் சொல்லிவிடுகிறேன். முடிவுகளைச் சரிபார்ப்பது, பாக்கி இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் பல இடங்களில் விழாவுக்குப் பிறகும் நடக்கும். அப்படியே எல்லாம் தயாராக இருந்தாலும், தொள்ளாயிரம் சான்றிதழ்களில் ஒருவர் வரிசை மாறி நின்றால் போதும், அவருக்குப் பின்னால் எல்லோர் கையிலும் அடுத்தவருடைய பட்டம். மேலே பெயர் வாசிப்பவருக்கு நடந்ததுதான். பெயர் காற்றோடு போய்விடும், சான்றிதழ் போகாது. அதனால் காலி உறையே நிம்மதி.

நான் வேலை பார்த்த காலத்தில், உறைக்குள் உண்மையான சான்றிதழை வைத்து மேடைக்கு அனுப்பியது ஒரே ஒரு தடவை. கடைசிப் பருவத்தில் இறந்துபோன ஒரு மாணவருக்கான பட்டம். அவருடைய பெற்றோர் வாங்கிக்கொள்ள வருவதாகச் சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் உறைகளைப் பெட்டியில் அடுக்கும்போது என்னோடு வேலை பார்த்த அம்மா கேட்டார், "வீட்டுக்குப் போய்த் திறந்து பார்ப்பாங்களே சார், உள்ளே எதுவும் இல்லாவிட்டால்?" எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. அன்று இரவே அச்சடித்து, கையெழுத்துக்காக அதிகாரி வீட்டுக்கு ஆள் அனுப்பினோம். காலையில் அந்த உறையின் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன், கலந்துவிடக் கூடாது என்று.

பெற்றோர் இருவரும் மேடையேறியபோது கை தட்டுவதா வேண்டாமா என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் அந்தப் பையனுடைய வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றது. நாங்கள் திரைக்குப் பின்னால் இருந்ததால் எதையும் பார்க்கவில்லை, நாற்காலிகள் நகரும் சத்தம்தான் கேட்டது.

போகாதவன்:

எல்லோரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் வேறு மாதிரி. என் விழாவுக்கு நான் போகவில்லை. நேரில் வராதவர் பட்டியலில் பெயர் கொடுத்தேன், சான்றிதழ் தபாலில் வந்தது, அதை வைத்துத்தான் வேலைக்கும் போனேன். வாடகை அங்கி, பயணம், விடுப்பு, மூன்று மணி நேர உரை, எட்டு நொடி நடை. இதற்கா? இன்றுவரை ஒரு குறையும் தெரியவில்லை. "வாழ்க்கையில் ஒருமுறைதான் வரும்" என்பார்கள். காதுகுத்தும் வாழ்க்கையில் ஒருமுறைதான், எனக்கு ஞாபகமா இருக்கிறது?

படகு:

போகாதவரே, உங்கள் கணக்கு சரிதான். வாதாட வரவில்லை, ஒன்று சொல்லத் தோன்றியது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பெண்கள் படிக்கலாம், தேர்வு எழுதலாம், தேறலாம். பட்டம் மட்டும் கிடையாது. 1904-இல் டப்ளின் டிரினிடி கல்லூரி பெண்களுக்குப் பட்டம் தர ஆரம்பித்தது. இந்த மூன்று பல்கலைக்கழகங்களும் ஒன்றன் தகுதியை மற்றது ஏற்கும் பழைய ஏற்பாடு ஒன்று இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு 1904 முதல் 1907 வரை கிட்டத்தட்ட 720 பெண்கள் கப்பலேறி டப்ளின் போய்ப் பட்டம் வாங்கினார்கள். 'நீராவிப் படகுப் பெண்கள்' என்றே அவர்களுக்குப் பெயர் வந்துவிட்டது. பள்ளிகளில் ஆசிரியர்களாகவும் தலைமை ஆசிரியர்களாகவும் வேலை பார்த்தவர்கள் அதில் நிறைய. தேறியது எல்லோருக்கும் தெரியும், எழுத்தில்தான் இல்லை.

ஆக்ஸ்ஃபோர்ட் 1920-இல் இறங்கி வந்தது. கேம்பிரிட்ஜ் 1948 வரை இழுத்தது. அப்புறம் 1998-இல் அந்தப் பழைய மாணவிகளுக்கென்றே கேம்பிரிட்ஜ் ஒரு விழா நடத்தியது. நூற்றுக்கணக்கானவர்கள் வந்தார்கள். 1948-க்கு முன்னால் படித்து முடித்தவர்கள் என்றால் அவர்களில் இளையவருக்கே எழுபது ஆகியிருக்கும். அந்த வயதில் அந்தப் பட்டத்தை வைத்து வேலை தேடப்போவதில்லை இல்லையா?

போகாதவன்:

இதை நான் கேள்விப்பட்டதில்லை. சரி. அவர்களுக்குக் கதவைச் சாத்தியிருந்தார்கள், அதனால் அது பெரிது. எனக்குத் திறந்தே கிடந்தது, நான் நுழையவில்லை, அவ்வளவுதான். இப்போதும் போயிருக்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஆனால் என் அம்மாவிடம், "வரணுமா உனக்கு?" என்று கேட்கவே இல்லை. அது இப்போதுதான் உறைக்கிறது. நாளைக்குப் போன் செய்யும்போது கேட்கிறேன். என்ன சொல்வார் என்று தெரியும்: "அதெல்லாம் எதுக்குப்பா." அதை நம்பலாமா என்பதுதான் தெரியாது.

ஊக்குப் பை:

பெயர் வாசிப்பவருக்கு ஒரு கேள்வி. பெயரை முழுங்கிவிட்டேன் என்று எழுதினீர்களே, அந்தப் பெண் அப்புறம் என்ன செய்தார்? சண்டைக்கு வந்தாரா?

பெயர் வாசிப்பவர்:

வந்தாள். சண்டைக்கு இல்லை.

விழா முடிந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். மன்றத்தில் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள், மேடைப் பூக்களைக்கூட எடுத்தாகிவிட்டது. நான் அட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். அங்கியைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு அவள் வந்து நின்றாள், கூட அவளுடைய அம்மா. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், "சார், ஒரு தடவை வாசிச்சிடுங்களேன். அம்மாவுக்குக் கேக்கணும்" என்றாள்.

ஒலிவாங்கியை அணைத்துவிட்டிருந்தார்கள். அவள் அங்கியை மறுபடி மாட்டிக்கொண்டு படிக்குப் போனாள். அம்மா கீழே, மடக்காமல் விட்டிருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அந்த ஒட்டிக்கொண்ட அட்டையைத் தேடி எடுத்து, கணீரென்றே வாசித்தேன். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மேடையைக் கடந்து மறுபக்கம் போய் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சரியாகச் சொன்னேனா?" என்று கேட்டேன்.

"இரண்டாவது எழுத்தைக் கொஞ்சம் நீட்டணும் சார்."

திரும்ப ஆரம்பத்துக்கே வந்து நிற்கச் சொன்னேன். இன்னொரு முறை வாசித்தேன்.