16 மி.மீ. கறுப்பு வெள்ளைப் பிலிமைக் கழுவ உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியில் வசிக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து, தேயிலைத் தொழிற்சாலையின் இரவுப் பணியைப் பற்றிய ஒரு குறும்படத்தை 16 மி.மீ. கறுப்பு வெள்ளைப் பிலிமில் எடுத்து வருகிறோம். கேமரா, சாவி கொடுத்து ஓட்டும் பழைய போலெக்ஸ். முழுதாகச் சாவி கொடுத்தாலும் அரை நிமிடத்துக்குள் நின்றுவிடும், 100 அடிச் சுருள் ஏறக்குறைய இரண்டே முக்கால் நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்பதால், பறித்த இலையை வாடவிடும் தொட்டியில் அதைப் புரட்டும் கைகளை நெடுநேரம் கவனித்த பிறகே பொத்தானை அழுத்துகிறோம். அந்தக் கட்டாயமே பிலிமின் பெரும்பலம் என்று உறுதியாக நம்புகிறேன்.

எடுத்த சுருள்களைக் கழுவுவதற்குத்தான் உங்கள் உதவி தேவை. 100 அடிச் சுருள் கொள்ளும் டெவலப்பிங் தொட்டி யாரிடமாவது இருந்தால் வாடகைக்குத் தர இயலுமா? படத்தை வெளிக்கொணரும் ரசாயனக் கரைசலான டெவலப்பரை 20 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருக்க வேண்டும். மார்கழிக் குளிரில் இங்கே குழாய்த் தண்ணீர் அதைவிட வெகுவாகக் குளிர்ந்திருப்பதால், கழுவி முடியும்வரை சூடு குறையாமல் காக்கும் வழி தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

ஊட்டியில் 1960இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் பணியாற்றிய பெரியவர்கள் உங்கள் உறவிலோ அக்கம்பக்கத்திலோ இருந்தால், அவர்களின் ஒப்புதலோடு எங்களுக்கு அறிமுகப்படுத்துங்கள். பிலிம் பூச்சையும் ரசாயனத்தையும் கையால் அறிந்தவர்களிடம் நேரில் கற்க விரும்புகிறோம்; குன்னூர், குந்தா என எங்கிருந்தாலும் நாங்களே வருகிறோம். விவரம் தெரிந்தவர்கள் இப்பதிவின் கீழேயே எழுதலாம்.