டார்வின், உல்ஃப் தீவுகளில் டைவிங்: போய் வந்தவர்கள் சொல்கிறோம்

ஈக்வடாரின் கலாபகஸ் தீவுகளில் லிவ்அபோர்டு (படகிலேயே பல நாள் தங்கி டைவ் செய்கிற பயணம்) பற்றி விசாரிக்கிற எல்லாரும் எந்தப் படகு நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், எந்த மாதம் என்று முடிவு செய்த பிறகு படகைப் பார்க்கலாம். திமிங்கிலச் சுறாதான் வேண்டும் என்றால் ஜூன் முதல் நவம்பர் வரை. அந்த மாதங்களில் ஹம்போல்ட் நீரோட்டம் வலுத்து தண்ணீர் சில்லிட்டுவிடும். வானம் மூட்டமாகத் தூறிக்கொண்டே இருக்கும், அலையும் அதிகம். வெயிலும் வெதுவெதுப்பான தண்ணீரும் வேண்டும் என்றால் ஜனவரி முதல் மே வரை. சுத்தியல்தலைச் சுறாக்கள் அப்போதும் கூட்டமாக வரும். நான் திமிங்கிலச் சுறாவுக்காகவே செப்டம்பரில் போனேன்.

டார்வின், உல்ஃப் இரண்டும் கலாபகஸ் கூட்டத்தின் வடகோடியில் தனியாகக் கிடக்கின்றன. அங்கே குடியிருப்பு கிடையாது, காலையில் போய் மாலையில் திரும்புகிற தூரமும் இல்லை. ராத்திரி முழுக்கப் படகு ஓட வேண்டும். ஒரு படகில் அதிகபட்சம் 16 பயணிகள்தான், அதனால் நல்ல மாதங்களில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். பல படகுகள் குறைந்தது 50 டைவ் முடித்திருக்க வேண்டும் என்கின்றன, சில 100 கேட்கின்றன. அதை வெறும் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டைவ் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். பாங்கா என்கிற சின்ன ரப்பர் படகில் பாறைக்கு அருகே கொண்டுபோவார்கள். வழிகாட்டி மூன்று எண்ணியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பின்பக்கமாகச் சாய வேண்டும். பிசிடியில் (காற்றடைத்து மிதக்க உதவுகிற டைவ் ஜாக்கெட்) காற்றே இருக்கக் கூடாது, நேரே கீழே போய்விட வேண்டும். மேலே நின்று மாஸ்க்கைச் சரி செய்கிற அரை நிமிஷத்தில் நீரோட்டம் உங்களைக் குழுவிலிருந்து பிரித்துவிடும். சுமார் 20 மீட்டர் ஆழத்தில் ஒரு பாறைத் திட்டு. அதைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதுதான் அங்கே பாதி டைவ். பாறை முழுக்கக் கொட்டலசு (கூரிய ஓடுள்ள, ஒட்டி வாழும் சிற்றுயிர்), கையுறை இல்லாமல் பிடித்தால் உள்ளங்கை கிழியும். ஒவ்வொரு இடுக்கிலும் மோரே விலாங்கு தலையை நீட்டிக்கொண்டிருக்கும், பார்த்துக் கையை வையுங்கள். நான் விட்ட மூச்சின் குமிழிகள் மேலே போகாமல் தோளை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடின. அவ்வளவு இழுப்பு.

முதலில் சாம்பல் நிறத்தில் ஒன்றிரண்டு நிழல்கள். கண் பழகியதும் அவற்றுக்குப் பின்னால் அடுக்கடுக்காகச் சுத்தியல்தலைச் சுறாக்கள். குமிழிச் சத்தம் அவற்றுக்குப் பிடிக்காது, விலகிப் போய்விடும். அதற்காக மூச்சை அடக்கவே கூடாது. மெதுவாக, நிதானமாக விட்டாலே கிட்டத்தில் வரும். ஒன்று என் முகத்துக்கு நேரே திரும்பியபோது அந்த அகலத் தலையின் ஓரத்தில் இருந்த கண் என்னைப் பார்ப்பது நன்றாகத் தெரிந்தது.

அப்புறம் வழிகாட்டி கையிலிருந்த கிலுக்கை ஆட்டினார். பாறையை விட்டுவிட்டு ஆழ்நீலத்துக்குள் நீந்தினோம். திமிங்கிலச் சுறா, பெண், வயிறு நன்றாகப் புடைத்திருந்தது. டார்வினில் தென்படுபவை பெரும்பாலும் இப்படிப்பட்ட வளர்ந்த பெண் சுறாக்கள்தான். சினையாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதி வந்தார்கள், அது இன்னும் உறுதியாகவில்லை. எங்கே குட்டி போடுகின்றன என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. பக்கவாட்டில் இடைவெளி விட்டு நீந்தினால் அது நம்மைப் பொருட்படுத்தாமல் போகும். முன்னால் போய் மறித்தால் ஆழத்துக்கு இறங்கிவிடும், எல்லாருக்கும் காட்சி முடிந்தது. தயவுசெய்து ஒரு போட்டோவுக்காக அதைத் துரத்தாதீர்கள்.

படங்களில் பார்த்த டார்வின் வளைவை, கடலில் நின்ற அந்த இயற்கைப் பாறை வளைவை, தேட வேண்டாம். 2021 மே 17 அன்று அரிப்பினால் அது இடிந்து விழுந்தது, இப்போது இரண்டு தூண்கள்தான் நிற்கின்றன. வெளிநாட்டவருக்கான கலாபகஸ் தேசியப் பூங்காக் கட்டணம் 2024 ஆகஸ்டில் 100 டாலரிலிருந்து 200 டாலர் ஆனதைப் பற்றிப் பலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. 2017-ல் இதே கடல் காப்பகத்துக்குள் பிடிபட்ட ஒரு கப்பலில் ஆயிரக்கணக்கான சுறாக்களின் உடல்கள் இருந்தன. காவல் காக்கப் பணம் வேண்டும்.

* * *

மேலே எழுதியவர் சொன்ன நீரோட்டம் பற்றி ஒன்று சேர்க்கிறேன். உல்ஃபில் ஒரு டைவ் முடிவில் நானும் என் கூட்டாளியும் குழுவை விட்டுத் தனியாக மேலே வந்தோம். அலைப் பள்ளத்தில் இருந்தபோது சுற்றிலும் தண்ணீர்ச் சுவர் மட்டும்தான். மேட்டில் ஏறுகிற ஒரு விநாடி தூரத்தில் பாங்கா தெரியும், மறுபடி மறையும். ஐந்து மீட்டர் ஆழத்திலேயே எஸ்எம்பியை (நாம் இருக்கும் இடத்தைக் காட்டுகிற நீளமான மிதவைக் குழாய்) ஊதி மேலே அனுப்பியிருந்ததால் ஓட்டுநர் நாங்கள் வருவதற்கு முன்பே அதைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தார். ஆரஞ்சு நிறம், ஆள் உயரத்துக்கு மேல் இருக்க வேண்டும். இடுப்பளவுக் குட்டி எஸ்எம்பி அந்த அலையில் தெரியாது. விசிலும் கண்ணாடியும் பிசிடி பையிலேயே இருக்கட்டும். ஜிபிஎஸ் ரேடியோவைச் சில படகுகளே தருகின்றன, பதிவு செய்யும்போதே கேளுங்கள். ஆழ்நீலத்தில் எஸ்எம்பி விடுவதைப் போவதற்கு முன்பே, அந்தமானிலோ பாண்டிச்சேரியிலோ, கை தானாகச் செய்கிற வரை பழகிவிடுங்கள்.

* * *

குளிரைப் பற்றி யாரும் விவரமாகச் சொல்லவில்லையே! வடக்கே கொஞ்சம் பரவாயில்லை. திரும்பும் வழியில் இசபெலா, ஃபெர்னாண்டினா தீவுகளின் மேற்குப் பக்கம் ஆழத்திலிருந்து குளிர்நீர் மேலே வருகிறது, 16 டிகிரிக்கும் இறங்கும். 7 மில்லிமீட்டர் தடிமன் வெட்சூட்டும் தலைக்கு ஹூடும் கட்டாயம். ஆனால் அந்தக் குளிர் டைவ்களை விட்டுவிடாதீர்கள். ஃபெர்னாண்டினாவின் கேப் டக்ளஸில் கடல் உடும்புகள் பாறையை நகத்தால் பற்றிக்கொண்டு பாசியைக் கொறிப்பதை ஒரு கை தூரத்தில் பார்த்தேன். அலை இழுக்கும்போது உடம்பு கொடி மாதிரி ஆடும், வாய் மட்டும் பாசியை விடாது.

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம், முடிந்தால் ஒரு முழு நாள் விடுங்கள். சான்டா குரூஸ் மேட்டுநிலத்தில் ராட்சத ஆமைகளைப் பார்க்க அந்த நேரம் சரியாக இருக்கும். டைவிங் காப்பீட்டில் அவசர மீட்பும் சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியை வரிவரியாகப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். டார்வினில் ஒருவருக்கு டிகம்ப்ரெஷன் நோய் (வேகமாக மேலே வந்தால் உடலுக்குள் வாயுக் குமிழிகள் உண்டாவது) வந்தால், சிகிச்சைக்கு ஒரு இரவுப் பயணம் திரும்பி வந்தாக வேண்டும்.