இறக்கத்தில் விரல் இடிக்கிறது, எந்த டிரெயில் ஷூ (கரடுமுரடான பாதைக்கான ஷூ) பொருந்தும்?

முன்பாதம் அகலம், குதிகால் ஒடுக்கம், அதுதான் சிக்கல். ஏற்றத்தில் தொல்லையில்லை. செங்குத்தான இறக்கத்தில் பாதம் முன்னால் சறுக்கி, பெருவிரல் ஷூ முனையில் இடிக்கிறது. நகம் கறுத்துவிட்டது.

பாதை சரளைக்கல்லும் ஈரப்பாறையும் கலந்தது, வாரம் 40 கி.மீ. இப்போதைய ஷூ 8 மி.மீ. டிராப் (குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசம்), 4 மி.மீ. லக் (அடிப்பாகத்தில் பிடிப்புக்கான பற்கள்), சாதாரண அகலம். நுனியில் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கிறது, ஆகவே நீளம் குறையவில்லை.

அரை சைஸ் கூட்டினால் குதிகால் இன்னும் எழும்புகிறது. கடைசி ஓட்டையில் கண்ணி போட்டு லேஸை இறுக்கினால் குதிகால் நிற்கிறது, ஆனால் மேல்பாதம் மரத்துப்போகிறது. தடித்த சாக்ஸில் முன்பாதம் நெரிகிறது.

ஆல்ட்ரா லோன் பீக் என்ற ஷூ மாடலில் விரல்களுக்கு இடம் தாராளம். ஆனால் டிராப் பூஜ்யம், கெண்டைக்கால் பழக நாளாகும்.

விரல் பகுதி அகலமாக, குதிகால் பிடிப்பாக, 4–6 மி.மீ. டிராப்பில், ஈரப்பாறையில் வழுக்காத எந்த மாடலைச் சொல்வீர்கள்?