கஜா புயலுக்குப் பிறகு நாங்கள் வேய்ந்த கூரை

கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த 2018 நவம்பர் 16ஆம் தேதி நான் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவே, பேருந்துச் சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. தாத்தா காலத்து மண் சுவர் ஓட்டு வீடு, அதைச் சுற்றி 2 ஏக்கரில் 140 தென்னை மரங்கள், ஒரு கறவை மாடு, சில ஆடுகள் ஆகியவைதான் எங்கள் குடும்பத்தின் மொத்த இருப்பு. வியாழக்கிழமையே பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தாலும், இதுவும் எப்போதும்போல வடக்கே போய்விடும் என்றுதான் ஊரில் பலரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் அப்படித்தான் சொன்னார். அப்பாயி மட்டும் சாயங்காலமே அரிசி மூட்டையையும் ரேஷன் அட்டை இருந்த தகரப் பெட்டியையும் தோப்பிலிருந்த மோட்டார் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போய் வைக்கச் செய்தார். கான்கிரீட் தளம் போட்ட கட்டடம் எங்களிடம் அது ஒன்றுதான்.

நள்ளிரவு தாண்டியதும் நாங்கள் ஆறு பேரும் அந்தச் சிறிய அறைக்குள் மோட்டாரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். முதலில் வடக்கேயிருந்து அடித்த காற்றில் ஓடுகள் கொத்துக் கொத்தாகப் பெயர்ந்து விழும் சத்தம் கேட்டது. பிறகு வெடி போட்டதைப்போல ஒவ்வொன்றாக மரங்கள் முறியத் தொடங்கின. அக்கா கொஞ்ச நேரம் வரை எண்ணினாள், நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டாள். திடீரென்று காற்று நின்றது. கொட்டகையில் கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிட அப்பா எழுந்தபோது அப்பாயி வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டு, "இனிமேதான்டா தெக்கத்திக் காத்து வரும், போவாத" என்றார். 1952 நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் கரை ஏறிய புயலின்போது அவருக்குப் பத்து வயது. தம் வயதையே அந்தப் புயலிலிருந்து கணக்குப் போட்டுச் சொல்பவர் அவர். புயலின் மையம் கடந்து போனால் காற்று எதிர்த்திசைக்கு மாறும் என்பதை நான் பாடப்புத்தகத்தில் படித்தது பிற்பாடுதான். அப்பாயி சொன்னபடியே கால் மணி நேரத்துக்குள் தெற்கேயிருந்து காற்று திரும்பியது. வடக்குக் காற்றில் வேர் அசைந்து நின்ற மரங்களையெல்லாம் இந்தக் காற்றுதான் சாய்த்தது. மாடு கொட்டகையோடு நசுங்கி இறந்துபோனது. அப்பாயி தடுத்ததைப் பற்றி அப்பா இன்றுவரை நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை பேசியதில்லை.

விடிந்தபோது பச்சைத் தென்னை பிளந்த வாடைதான் முதலில் முகத்தில் அடித்தது. அதற்கடுத்து, வெளிச்சம் கண்ணைக் கூசியது. தோப்புக்குள்ளேயே வளர்ந்த எங்களுக்கு வீட்டு வாசலில் வெயில் என்பது கீற்றுகளுக்கு இடையே விழும் புள்ளிகள்தான். அன்று வானம் முழுவதும் தலைக்கு மேல் இருந்தது, இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சாலை வாசலிலிருந்தே தெரிந்தது. வீட்டின் குறுக்கே மூன்று மரங்கள் கிடந்தன. 140 மரங்களில் நின்றவை 11.

பிறகு வந்த வாரங்களில் பல நாட்கள் ஒரே மாதிரிதான் போயின. எங்கள் ஊருக்கு மின்சாரம் வர ஒரு மாதத்துக்கும் மேல் ஆனது. அடிபம்பில் வரிசை, ஜெனரேட்டர் வைத்திருந்தவர் கடையில் செல்போனுக்கு மின்னேற்ற 20 ரூபாய், இருட்டியதும் தூக்கம். நிவாரண லாரிகள் சாலையோர ஊர்களோடு நின்றுவிட்டதால், உள்ளே இருந்த எங்களைப் போன்றவர்கள் நடந்து போய்ச் சாலையில் காத்திருக்க வேண்டியிருந்தது. அம்மா ஒரே ஒரு நாள்தான் வந்தார். அந்த ஆகஸ்டில்தான் கேரள வெள்ளத்துக்காக எங்கள் தோப்பிலிருந்து இரண்டு சாக்குத் தேங்காய் கட்டி அனுப்பியிருந்தோம். மூன்றே மாதத்தில் ஒரு பன் பொட்டலத்துக்குக் கை நீட்டி நின்றது அவருக்குத் தாங்கவில்லை. அதன் பிறகு அப்பாயியும் நாங்களும்தான் போனோம். எனக்கு வெட்கமாக இருந்ததாக நினைவில்லை, பன் நன்றாக இருந்தது. கேரளத்திலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து நம் மாவட்டங்களில் கம்பம் நட்டார்கள் என்று பின்னர் கேள்விப்பட்டபோது, அம்மா அந்தத் தேங்காய்க் கணக்கை ஒருமுறை சொல்லிச் சிரித்தார்.

இருக்க இடம் வேண்டும் என்ற நிலையில் வழி சொன்னதும் அப்பாயிதான். தார்ப்பாய் விலை எங்கள் கைக்கு எட்டாத இடத்துக்குப் போயிருந்தது. விழுந்து கிடந்த மரங்களில் மட்டைகள் இன்னும் பச்சையாகவே இருப்பதைக் காட்டி, காய்ந்து சருகாவதற்குள் முடைந்துவிட வேண்டும் என்று அவசரப்படுத்தினார். அப்பா மட்டைகளை வெட்டி நடுவில் நீளவாக்கில் பிளந்து போடுவார்; நானும் அக்காவும் அவற்றை இழுத்துப்போய்க் குளத்தில் ஊறப்போட்டு, மறுநாள் எடுத்து வருவோம். அப்பாயி காலை நீட்டி உட்கார்ந்து, ஓர் ஓலையை மேலே விட்டு அடுத்ததைக் கீழே வாங்கி, பேச்சை நிறுத்தாமலே முடைவார். நான் முடைந்த முதல் கீற்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள நின்னா மழைக்கு வெளிய நிக்கிற மாதிரிதான்" என்றார். பள்ளி திறப்பதற்குள் ஐந்நூறுக்கு மேல் சேர்ந்துவிட்டது. வைரம் பாய்ந்த அடிமரத் துண்டுகளைக் கால்களாக நட்டு, வீட்டில் நின்றிருந்த ஒரு சுவரை ஒட்டி அப்பாவும் சித்தப்பாவும் கொட்டகை போட்டார்கள். எந்த மரங்கள் வீட்டை உடைத்தனவோ அவற்றின் கீழேயேதான் அடுத்த இரண்டு ஆண்டுகள் படுத்துறங்கினோம்.

நிவாரணத் தொகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய் என்று அரசு அறிவித்த கணக்கின்படி எங்கள் 129 மரங்களுக்கு 1,41,900 ரூபாய் வந்தது. வந்ததை மறுக்கவில்லை. ஆனால் 45 நாளுக்கு ஒரு வெட்டு என்று ஆண்டு முழுவதும் வருமானம் தந்த மரத்துக்கு அது ஈடாகாது. வேரோடு சாய்ந்ததைப் பொக்லைன் வைத்துப் பெயர்க்கவும் தண்டை அறுத்து நகர்த்தவும் அந்த 500 ரூபாய் போதவும் இல்லை. போட்டது போட்டபடி விட்டுவிடவும் முடியாது, ஏனென்றால் அழுகும் தண்டில் காண்டாமிருக வண்டு பெருகி, மீந்த மரங்களின் குருத்தைக் குடையத் தொடங்கிவிடும். எங்கள் பதினொன்றில் இரண்டு அப்படித்தான் போயின. மாட்டுக்கு எதுவும் கிடைக்கவில்லை. நாற்றம் எடுப்பதற்குள் அன்றே புதைத்துவிட்டோம். கால்நடை மருத்துவரின் சான்று எங்கே, புகைப்படமாவது உண்டா என்று கேட்டார் கணக்கெடுக்க வந்தவர். செல்போனில் உயிர் இருந்தால்தானே படம் எடுப்பதற்கு!

2019 மழைக்கு நெட்டையும் குட்டையுமாக 120 கன்றுகள் வைத்தோம். கன்று காய்க்கும்வரை சாப்பிட வேண்டுமே என்று அப்பா திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார். மரம் ஏறிப் பழகியவர் தையல் எந்திரங்களுக்கு நடுவே துணி மூட்டை சுமந்தார். 2020இல் கொரோனா ஊரடங்கில் திரும்பி வந்தவர், பிறகு போகவில்லை. கன்றுகளுக்கு ஊடே உளுந்தும் நிலக்கடலையும் போட்டு ஒருவாறு ஓட்டினோம். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது, மீண்டது, மறுபடி போனது. தொகுப்பு வீடு 2021இல்தான் முடிந்தது. அரசுப் பணத்துக்கு மேல் ஆன கடனைப் போன வருடம்தான் அடைத்தோம்.

வீடு முடிவதற்கு முந்தைய ஆண்டிலேயே கொட்டகைக் கீற்று மக்கிவிட்டது. மாற்றுவதற்கு எங்கள் தோப்பில் மட்டை இல்லை, ஊரிலேயே இல்லை. தென்னையைத் தவிர வேறு பேச்சே இல்லாத எங்கள் பகுதியில், வெளியூரிலிருந்து வண்டியில் வந்த கீற்றை விலை கேட்டு அப்பாயி நின்றதை நான் பார்த்தேன். விலையைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டார். கொட்டகைக்குத் தகரம் போட்டோம். மழை பெய்தால் அதன் கீழே பேச்சுக் கேட்காது.

போன தை மாதத்தில், 2019இல் வைத்த குட்டை மரம் ஒன்றிலிருந்து பழுத்து விழுந்த மட்டையை அப்பாயி இழுத்துக்கொண்டு வந்தார். பழுத்த மட்டை நல்ல கீற்றுக்கு உதவாது என்று சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். இருந்தும் அதைப் பிளக்கச் சொல்லி, தொட்டியில் ஊறப்போட்டு, மறுநாள் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து முடைந்தார். கை நடுக்கத்தில் முக்கால் நாள் ஆனது. அப்பா அதைத் தூக்கிப் பார்த்து, "குட்டையா இருக்கேம்மா" என்றார்.

"ஆட்டுக்குப் போதும்டா" என்று சொல்லி, ஆட்டுக் கொட்டகையில் சாரல் அடிக்கும் பக்கமாக அதை வைத்துக் கட்டச் சொன்னார்.