தறிக்குடோன் படத்துக்கு நாலு பேர் சேர்ந்து பின்னணி இசை: எதை வைப்பது, எதை எடுப்பது?

சோமனூரான்:

வணக்கமுங்க. எங்கள் அப்பா 31 வருஷம் ஓட்டிய தறிக்குடோனில் (விசைத்தறிக் கூடத்தில்) போன தீபாவளிக்கு அப்புறம் கடைசிப் பாவு (நெசவுக்கான நீளவாக்கு நூல்) இறங்கியது. எட்டுத் தறி, எல்லாம் காடா துணி, கூலி நெசவு. எட்டையும் எடைக்குப் போட்டுவிட்டார். லாரி வருவதற்கு முந்தின மூன்று நாளும் கேமராவும் ரெக்கார்டருமாக உள்ளேயே கிடந்தேன். அது 22 நிமிடப் படமாகி நிற்கிறது. பேச்சு மிகக் குறைவு. பாட்டு, மெட்டு எதுவும் வேண்டாம், பின்னால் பரவி நிற்கிற ஆம்பியன்ட் இசை போதும் என்று முடிவு செய்தோம்.

நாலு பேர் சேர்ந்து செய்கிறோம். குடோன் சத்தங்கள் என் பொறுப்பு. கோபியில் இருக்கும் நண்பன் புல்லாங்குழல். கோவையில் ஒருவர் சிந்தசைசர். தாராபுரம் பக்கத்து அண்ணன் ஒருவர் உடுக்கை. கொங்கு நாட்டு அண்ணமார் சாமி கதைக்கு அடிக்கிற கை. ஒருவர் செய்து அனுப்பினால் அடுத்தவர் அதன்மேல் போடுவார். ஐந்து சுற்று முடிந்து இப்போது 46 டிராக். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் அருமை. படத்தோடு ஓட்டினால் எந்த ஊர், எந்த அறை என்றே தெரியாத மூட்டமாக இருக்கிறது. அப்பா ஒரு தடவை பார்த்தார். "தறி எங்கடா?" என்றார், அவ்வளவுதான்.

இன்னொரு தொல்லை. குழல் எங்கள் புராஜெக்ட்டுக்குள் வந்ததும் சுருதி முக்கால் கட்டை ஏறிக் கேட்கிறது. அவன் சுருதி பிசகுகிற ஆள் இல்லை. யார் மனசும் நோகாமல் இதை எப்படிச் சரிசெய்வது?

ஒலிவாங்கி, கோவை:

தம்பி, முதலில் குழல். உங்கள் நண்பர் 44.1 கிலோஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 44,100 ஒலி மாதிரி எடுத்துப் பதிந்திருப்பார், உங்கள் புராஜெக்ட் 48. மென்பொருள் மாற்றாமல் அப்படியே ஓட்டினால் வேகமும் சுருதியும் சேர்ந்து ஏறும், சரியாக நீங்கள் சொல்லும் முக்கால் கட்டை. கோப்பின் நீளத்தைப் பாருங்கள். முழுப் படத்துக்கும் வாசித்த 22 நிமிடம் 20 நிமிடம் 13 விநாடியில் முடிந்தால் காரணம் அதுதான். நாலு பேரும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று பேசிக்கொள்ளுங்கள். படத்துக்கு இரண்டு விநாடி முன்னால் ஒரு 'பீப்' வைத்து, எல்லாக் கோப்பும் அங்கிருந்தே தொடங்கட்டும். அரட்டைச் செயலியில் ஆடியோவாக அனுப்ப வேண்டாம், சுருக்கிவிடும்.

அடுத்ததுதான் பெரிய விஷயம். உங்கள் அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. 46 டிராக்கையும் மியூட் செய்துவிட்டு, குடோன் சத்தத்தை மட்டும் ஹெட்போனில் பத்து நிமிடம் கேளுங்கள். தறி மோட்டார் ஓயாமல் முனகும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த முனகல் அதன் இரு மடங்கில், 100-இல் நிற்கும். ஐந்து கட்டை ஸட்ஜமம் 98. ஆக அது 5 கட்டைக்கு மேலே 35 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்). நீங்கள் எல்லோரும் சுத்தமான 5 கட்டையிலோ 4 கட்டையிலோ சேர்த்திருந்தால் இசை ஒரு பக்கமும் குடோன் ஒரு பக்கமும் உரசிக்கொண்டே இருக்கும். உரசலை மறைக்கத்தான் ஆளாளுக்கு இன்னும் இன்னும் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். குடோனை ஒன்றும் செய்ய முடியாது. சிந்தசைசரை 35 சென்ட் ஏற்றுங்கள். குழலை ஏற்றினால் சாயம் போகும், அதைப் புதிதாக வாசிக்கச் சொல்லுங்கள். தம்புராவுக்குப் பதில் மோட்டாரைக் கேட்டு வாசிக்கட்டும்.

தாளம் வேண்டாம் என்றீர்கள், ஆனால் தறியிலேயே இருக்கிறது. என் மாமா வீட்டுத் தறிகளை ஒருநாள் எண்ணினேன். ஒன்று நிமிடத்துக்கு 120 ஊடை (குறுக்கு நூல்), பக்கத்துத் தறி பெல்ட் தளர்ந்து 117. இரண்டும் 20 விநாடிக்கு ஒருமுறை சேர்ந்து அடிக்கும், அப்புறம் மெல்ல மெல்ல விலகும். ஆம்பியன்ட் இசைக்குப் பெயர் போன இங்கிலாந்துக்காரர் பிரையன் ஈனோ 1978-இல் விமான நிலையங்களுக்காகச் செய்த இசையில் நீளம் வேறுபட்ட டேப் வளையங்களை ஓடவிட்டது இதே வேலைதான். எட்டுத் தறி ஓடிய குடோனில் அது 31 வருஷம் சும்மா நடந்திருக்கிறது.

குறைக்கிற வேலையை ஒருவரிடம் கொடுங்கள், அவர் தன் டிராக்கில் முதலில் கை வைக்க வேண்டும். நீங்களே ஆரம்பியுங்கள், மற்றவர்களுக்கு வருத்தம் இருக்காது.

பல்லடத்துப் பொண்ணு:

நான் தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள். தொட்டிலுக்குப் பக்கத்தில் தறி ஓடும், தூங்கிவிடுவேனாம். கரண்ட் போனால்தான் முழிப்பேன் என்று அம்மா சொல்வார். கரண்ட் போகும்போது எட்டுத் தறியும் ஒரே நொடியில் நிற்காது, கவனித்திருப்பீர்கள். ஒன்று இன்னும் இரண்டு ஊடை போடும், இன்னொன்று நாடாவை (ஊடை நூலைக் கொண்டுபோகும் ஓடத்தை) பாதி வழியில் விட்டுவிட்டு நிற்கும். அதற்கப்புறம்தான் தெருக்கோடிக் குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்கும். எங்கள் அப்பா அந்த அமைதியிலும் கத்தித்தான் பேசுவார்.

உங்கள் படத்தில் கடைசித் தறி நிற்கும் இடம் இருக்கிறதா? இருந்தால் அங்கே யாரும் எதுவும் வாசிக்காதீர்கள்.

இன்னொன்று, உடுக்கை அண்ணனை அடிக்க விடாமல் தேய்க்கச் சொல்லிப் பாருங்கள். விரலால் தோலை இழுத்தால் வருகிற முனகல் மோட்டாரோடு சேரும்.

கணக்குப்பிள்ளை, ஈரோடு:

பெயர் போடுவது பற்றி இப்போதே எழுதி வையுங்கள். யார் பங்கு எது என்று பிரிக்க முடியாதபடி சேர்ந்து செய்தால் நம் காப்புரிமைச் சட்டப்படி அது கூட்டுப் படைப்பு, நாலு பேருமே ஆசிரியர்கள். ஒரு டிராக் போட்டவரும் 30 டிராக் போட்டவரும் பின்னால் முகம் கோணாமல் இருக்க, பங்கு எத்தனை என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். பகுதிக்குப் பகுதி பெயர் மாறலாம், தப்பில்லை. பிரையன் ஈனோ, அவர் தம்பி ரோஜர், டேனியல் லான்வா மூவரும் நிலாப் பயணப் படத்துக்காகச் செய்து 1983-இல் வெளியிட்ட 'அப்பல்லோ' தொகுப்பில் சிலது மூவர் பெயரில், சிலது இருவர், சிலது ஒருவர் பெயரில் மட்டும் இருக்கும்.

சோமனூரான்:

கோப்பு 20 நிமிடம் 13 விநாடிதான் அண்ணா! அவனிடம் சொன்னதும் அரை மணி நேரம் சிரித்தான். மோட்டார் சத்தத்தைக் காதில் மாட்டிக்கொண்டு மறுபடி வாசித்து அனுப்பிவிட்டான்.

என் டிராக்கிலிருந்தே தொடங்கினேன். 17 இருந்ததில் 3 மிச்சம். மற்றவர்களும் தாங்களாகவே எடுத்துவிட்டார்கள், இப்போது மொத்தம் 11.

அக்கா, கடைசித் தறி நிற்கும் இடம் 19-ஆவது நிமிடத்தில் இருக்கிறது. நாற்பது விநாடி வெறுமனே விட்டிருக்கிறேன். நீங்கள் சொன்ன பிறகுதான் கவனித்தேன்: மோட்டாரை அணைத்த பிறகும் அந்தத் தறி மூன்று ஊடை போடுகிறது. மூன்றாவதில் அப்பா கையை நீட்டி பலகையைப் பிடித்து நிறுத்துகிறார். கைபடும் சத்தம் பதிந்திருக்கிறது. அதன்மேல் ஐந்து சுற்றாக நாங்கள் சிந்தசைசர் போட்டு வைத்திருந்தோம்.

உடுக்கை அண்ணன் ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறார். காலியாகிவிட்ட அதே குடோனில் வைத்துத் தேய்த்துப் பதியப் போகிறோம்.